சிறை வாசலில் குடும்பங்கள்: ஆயுள் தண்டனையும் மன்னிப்பும் கடந்து வந்த வழி

கொலை வழக்கை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் பொறுப்பு ஆட்சியாளருக்கு உரியது. மன்னிக்கும் உரிமையோ கொல்லப்பட்டவரின் வாரிசுகளுக்கு உரியது. இஸ்லாமியச் சட்டம் கொலைக் குற்றத்தை இவ்வாறு இரண்டாகப் பகுத்து வைத்தது. வாரிசுகள் கிஸாஸ் கோரலாம். அதை விட்டுக் கொடுத்து தியத் என்னும் இழப்பீட்டைப் பெறலாம். எதையும் பெறாமல் மன்னித்தும் விடலாம். அல்பகரா அத்தியாயத்தில் இச்சட்டம் சொல்லப்படும் இடத்தில், கொல்லப்பட்டவரின் வாரிசைக் கொன்றவனுடைய சகோதரன் என்றே திருமறை குறிப்பதை விரிவுரையாளர்கள் எடுத்துக் காட்டுவர். இரத்தம் சிந்திய பிறகும் அறுந்து விடாத ஓர் உறவை அச்சொல் நினைவூட்டுகிறது.

முகலாயர் காலத்திலும், அதன் பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தொடக்க ஆண்டுகளிலும், வங்காளத்தின் குற்றவியல் நீதிமன்றங்கள் ஹனஃபி மத்ஹபின்படி காஜிகளும் முஃப்திகளும் அளித்த ஃபத்வாக்களைக் கொண்டே இயங்கின. 1790 இல் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் இதில் கை வைத்தார். கொலையுண்டவரின் உறவினர் மன்னித்தாலும் அம்மன்னிப்பு தண்டனையைத் தடுக்காது என்று விதித்தார். 1793 ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டங்களில் அது நிலைபெற்றது. செல்வாக்குள்ளவர்கள் ஏழை வாரிசுகளை மிரட்டியோ பணம் கொடுத்தோ தப்பித்து விடுகிறார்கள் என்பது கம்பெனி சொன்ன காரணங்களுள் ஒன்று. அக்காரணத்தை முற்றிலும் பொய் என்று நாம் தள்ளிவிட முடியாது. ஆயினும் நோய்க்கு மருந்து கொடுப்பதற்குப் பதிலாக நோயாளியையே வீட்டை விட்டு வெளியேற்றியது போல, குடும்பம் என்ற ஒன்றே குற்றவியல் சட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. 1860 இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம், எஞ்சியிருந்த ஃபத்வா முறைக்கும் முற்றுப்புள்ளி வைத்தது. அன்று முதல் கொலை என்பது அரசுக்கும் குற்றவாளிக்கும் இடையிலான வழக்கு. கொல்லப்பட்டவரின் குடும்பம் சாட்சிக் கூண்டோடு நின்றது. கொன்றவரின் குடும்பம் சிறை வாசலோடு நின்றது.

அந்தக் குடும்பங்கள் மீண்டும் சட்டத்திற்குள் எப்படி நுழைந்தன என்பதே இக்கட்டுரையின் பொருள். அதற்கு முன் ஆயுள் தண்டனை என்பது என்ன என்று பார்த்து விடுவோம். நம் வீடுகளில் இதைப் பற்றித் தவறான எண்ணமே பரவலாக உள்ளது.

ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டுகள் என்று பலரும் சொல்வதுண்டு. சட்டத்தில் அப்படி எங்கும் இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் அதன் பெயர் ஆயுட்கால நாடுகடத்தல். அந்தமானுக்குக் கப்பலேற்றி விடுவார்கள். 1955 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது ஆயுள் சிறை ஆயிற்று. காந்தியார் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சே, கழிவுகளையும் சேர்த்தால் தம் தண்டனை முடிந்துவிட்டது என்று வாதிட்டபோது, ஆயுள் என்றால் உயிர் உள்ளவரை என்றும், அரசு முறைப்படி குறைத்தாலன்றி விடுதலை இல்லை என்றும் 1961 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. (அதே கோபால் கோட்சேயை 1964 இல் அரசு விடுதலை செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.) பிறகு 1978 இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்திற்காக ஆயுள் தண்டனை பெற்றவர், குறைந்தது 14 ஆண்டுகள் சிறையில் கழித்தால்தான் அச்சட்டத்தின்படி விடுதலைக்குப் பரிசீலிக்கப்படுவார் என்றது அப்பிரிவு. மக்கள் நாவில் வழங்கும் 14 ஆண்டுக் கணக்கின் வேர்களுள் ஒன்று இதுவே. அது விடுதலை நாள் அன்று; விடுதலையைப் பற்றிப் பேசத் தொடங்கலாம் என்ற நாள்.

433ஏ பிரிவை எதிர்த்து ஆயுள் சிறைவாசிகள் தொடுத்த மாரு ராம் வழக்கில், 1980 நவம்பரில் நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் முதன்மைத் தீர்ப்பை எழுதினார். பிரிவு செல்லும் என்றார். ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 72, 161 ஆம் உறுப்புகளின்படி குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் உள்ள மன்னிப்பு அதிகாரத்தை எந்தச் சாதாரணச் சட்டமும் சுருக்க முடியாது என்றும், அவ்வதிகாரத்தை அவர்கள் அமைச்சரவையின் அறிவுரைப்படியே செலுத்த வேண்டும் என்றும் சேர்த்து எழுதினார். ஆங்கில மன்னருக்கு இருந்த கருணை அதிகாரத்தின் வழிவந்த அந்த உறுப்புகளே, வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்குத் திறந்திருந்த கதவாயின. அக்கதவை நெடுங்காலம் விடாமல் தட்டியவர்களுள் தமிழ்நாட்டுத் தாய் ஒருவர் தலையாயவர்.

சோலையார்பேட்டையைச் சேர்ந்த அற்புதம்மாளின் மகன் பேரறிவாளனை, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூன் 11 அன்று நடுவண் புலனாய்வுத் துறையினர் அழைத்துச் சென்றனர். அப்போது அவருக்கு வயது 19. விசாரித்துவிட்டு மறுநாள் அனுப்பி விடுகிறோம் என்ற சொல்லை நம்பிப் பெற்றோரே அவரை ஒப்படைத்தனர். அந்த மறுநாள் வருவதற்கு 31 ஆண்டுகள் ஆயின. வழக்கு தடா சட்டத்தின் கீழ் நடந்தது. சாதாரணச் சட்டத்தில் காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. தடா சட்டத்திலோ கண்காணிப்பாளர் நிலை அதிகாரியிடம் கொடுத்தது செல்லும். 1998 ஜனவரியில் பூந்தமல்லித் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய நால்வரின் தூக்கை உறுதி செய்தது. இவ்வழக்கில் தடா குற்றங்களே நிரூபிக்கப்படவில்லை என்று அதே தீர்ப்பு கூறியது. ஆனால் தடாவின் கீழ் பெறப்பட்ட வாக்குமூலங்கள் மட்டும் செல்லுபடியாயின.

இங்கே நம் கவனத்திற்குரிய ஒரு பெயர் வருகிறது. அப்போது தமிழக ஆளுநராக இருந்தவர் நீதியரசர் பாத்திமா பீவி. இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற முஸ்லிம் பெண்மணி. 1999 அக்டோபரில் நால்வரின் கருணை மனுக்களையும் அவர் நிராகரித்தார். அமைச்சரவையின் அறிவுரை பெறப்படவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அந்நிராகரிப்பை ரத்துச் செய்தது. பின்னர் 2000 ஏப்ரலில் அமைச்சரவை கூடி நளினிக்கு மட்டும் ஆயுளாகக் குறைக்கப் பரிந்துரைத்தது. ஆளுநர் அவ்வாறே ஆணையிட்டார். நளினிக்குச் சிறையிலேயே பிறந்த ஒரு பெண் குழந்தை இருந்தது. அக்குழந்தை அனாதையாகி விடக்கூடாது என்று கருணை காட்டக் கோரியவர், கணவரைப் பறிகொடுத்த சோனியா காந்தி.

இதை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். காரன்வாலிஸ் வெளியேற்றிய உரிமை எதுவோ, அதைத்தான் சோனியா காந்தி செலுத்தினார். சட்டப்படி அவர் மன்னிப்புக்கு எந்த மதிப்பும் இல்லை. ஆயினும் அது எடை பெற்றது. 2008 மார்ச்சில் அவர் மகள் பிரியங்கா வேலூர்ச் சிறைக்குச் சென்று நளினியைச் சந்தித்ததும் அதே வகைதான். ஒரு சமூகத்தின் உள்ளத்தில் வாரிசின் மன்னிப்புக்கு உள்ள இடத்தை எந்த ஒழுங்குமுறைச் சட்டமும் முற்றாக அழித்துவிட முடியாது என்பதற்கு இது சான்று.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஸ்ரீபெரும்புதூரில் அன்று இறந்தவர் ராஜீவ் காந்தி மட்டும் அல்லர். பாதுகாப்புக்கு நின்ற காவலர்களும் கட்சித் தொண்டர்களும் உடன் மாண்டனர். காங்கிரஸ் மகளிர் அணியில் பணியாற்றிய ஒரு முஸ்லிம் தாயும் அவர்களுள் ஒருவர். சிறு வயதில் தாயை இழந்த அவருடைய மகனும், வேறு சில குடும்பத்தாரும், எழுவர் விடுதலையை எதிர்த்து 2014 இல் உச்ச நீதிமன்றம் சென்றனர். புகழ் பெற்ற குடும்பம் மன்னித்ததை நாடே பேசியது. புகழ் பெறாத குடும்பங்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. கிஸாஸ் சட்டத்தில் ஒவ்வொரு கொலையுண்டவரின் வாரிசுக்கும் தனித்தனி உரிமை உண்டு. ஒருவருடைய வாரிசு மன்னித்ததால் மற்றவருடைய வாரிசின் உரிமை போய்விடாது. அந்த நுட்பம் இன்றைய சட்டத்தில் இல்லை.

எஞ்சிய மூவரின் கருணை மனுக்கள் 2000 இல் குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டன. 11 ஆண்டுகள் பதிலே இல்லை. 2011 ஆகஸ்டில் நிராகரிப்பு வந்தது. செப்டம்பர் 9 தூக்கு நாள் எனக் குறிக்கப்பட்டது. ஆகஸ்ட் 28 அன்று காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்து மாண்டார். உயிரை மாய்த்துக்கொள்வதை நம் மார்க்கம் ஏற்காது. எனினும் அந்நாட்களில் தமிழகம் எத்தகைய கொதிப்பில் இருந்தது என்பதை அந்த மரணம் சொல்லும். ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தண்டனைக்குத் தடை விதித்தது. அன்றே சட்டமன்றமும் தண்டனையைக் குறைக்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது.

அற்புதம்மாள் இத்தனை ஆண்டுகளும் செய்தது என்ன? சிறைக்குச் சென்று மனுப் போட்டு மகனைப் பார்ப்பார். பிறகு வழக்கறிஞர், கட்சி அலுவலகம், கூட்ட மேடை என்று நடப்பார். மரண தண்டனை ஒழிப்பு இயக்கத்தின் மேடைகளில் மற்றவர் மகன்களுக்காகவும் பேசினார். மாரு ராம் தீர்ப்பை எழுதிய அதே கிருஷ்ணய்யர் முதுமையில் அவருக்காகக் குரல் கொடுத்தார். 2013 இல் ஒரு திருப்பம் வந்தது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த ஓய்வு பெற்ற அதிகாரி தியாகராஜன், தாம் அதை முழுமையாக எழுதவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தது உண்மை. எதற்காக என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் கூறியதை எழுதாமல் விட்டதே அவர் ஒப்புக்கொண்ட குறை. ஒரு வாக்கியம் விடுபட்டதால் ஒரு குடும்பத்தின் முப்பது ஆண்டுகள் போயின என்று சொன்னால் அது மிகையாகாது.

2013 பிப்ரவரி 9 அன்று நடந்ததையும் இவ்வரலாற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும். நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் தண்டிக்கப்பட்ட அஃப்சல் குரு அன்று திகார்ச் சிறையில் தூக்கிலிடப்பட்டு அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். கருணை மனு நிராகரிக்கப்பட்டதைக் காஷ்மீரில் இருந்த அவர் மனைவிக்குத் தெரிவிக்கும் விரைவுத் தபால், தூக்கு முடிந்து இரண்டு நாட்கள் கழித்தே போய்ச் சேர்ந்தது. வழக்கின் தன்மை குறித்து எவர் எக்கருத்துக் கொண்டாலும், இறுதியாக ஒரு முறை முகம் பார்க்கவும் ஜனாஸாவில் நிற்கவும் குடும்பத்திற்கு இடம் கிடைக்கவில்லை என்பது அனைவரையும் உறுத்தியது.

மறு ஆண்டு, 2014 ஜனவரி 21 அன்று, சத்ருகன் சவுகான் வழக்கின் தீர்ப்பு வந்தது. அந்த மனுக்களைத் தாக்கல் செய்தோர் யார் என்று பார்த்தால் நம் பொருள் தெளிவாகும்: தண்டிக்கப்பட்டவர்கள், அவர்களின் குடும்பத்தார், மனித உரிமை அமைப்புகள். காரணமற்ற தாமதம் முதலியவற்றைச் சுட்டி 15 பேரின் தூக்குத் தண்டனையை உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. அத்தோடு நிற்கவில்லை. கருணை மனு நிராகரிக்கப்பட்டால் கைதிக்கும் குடும்பத்திற்கும் எழுத்து வடிவில் தெரிவிக்க வேண்டும். அதற்கும் தண்டனைக்கும் இடையே குறைந்தது 14 நாட்கள் இடைவெளி வேண்டும். குடும்பத்தோடு இறுதிச் சந்திப்புக்கு வழி செய்ய வேண்டும் என்றெல்லாம் விதித்தது. குடும்பம் என்ற சொல் சிறை நடைமுறைக்குள் மீண்டும் அழுத்தமாக எழுதப்பட்ட நாள் அது. அதன் அடிப்படையிலேயே பிப்ரவரி 18 அன்று பேரறிவாளன் உள்ளிட்ட மூவரின் தூக்கும் ஆயுளாயிற்று.

பின்னர் நடந்தது மாநில அரசுக்கும் ஒன்றிய அரசுக்கும் ஆளுநருக்கும் இடையிலான இழுபறி. 2014 இல் மாநில அரசு அறிவித்த விடுதலையை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. நடுவண் புலனாய்வுத் துறை விசாரித்த வழக்குகளில் ஒன்றிய அரசின் இசைவு வேண்டும் என்று 2015 இல் அரசியல் சாசன அமர்வு கூறியது. 2018 செப்டம்பரில் மாநில அமைச்சரவை 161 ஆம் உறுப்பின்படி எழுவர் விடுதலைக்குப் பரிந்துரைத்தது; ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கழித்து ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் 142 ஆம் உறுப்பின் தனி அதிகாரத்தைப் பயன்படுத்திப் பேரறிவாளனை விடுவித்தது. அமைச்சரவையின் அறிவுரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்ற, கிருஷ்ணய்யர் 1980 இல் எழுதிய அதே கருத்தே அங்கும் அடித்தளம். நவம்பர் 11 அன்று மற்ற அறுவரும் விடுதலை பெற்றனர்.

இனி நம் சமுதாயத்தின் வாசலுக்கு வருவோம்.

1997 நவம்பர் இறுதியில் கோவையில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டார். தொடர்ந்து நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14 அன்று நடந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் மாண்டனர். சந்தைக்கும் மருத்துவமனைக்கும் வந்த எளிய மக்கள் அவர்கள். நவம்பரில் நடந்த எதுவும் பிப்ரவரியில் நடந்ததை நியாயப்படுத்தாது. ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்ற மார்க்கத்தின் அடிப்படை விதியே அதற்குப் போதுமானது. அதே விதி, குற்றம் செய்யாதவரைச் சிறையில் வைப்பதையும் தடுக்கிறது. இவ்வழக்கில் கைதான அப்துல் நாசர் மதானி ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் பிணையின்றிச் சிறையில் இருந்து, 2007 ஆகஸ்டில் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். 2009 இல் உயர் நீதிமன்றம் மேலும் சிலரை விடுதலை செய்து, சிலரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது.

அப்படி உறுதி செய்யப்பட்டவர்களையும், 1990களின் வேறு வழக்குகளில் தண்டிக்கப்பட்டவர்களையும் சேர்த்தே நீண்டகால முஸ்லிம் சிறைவாசிகள் என்று நாம் சொல்கிறோம். தமிழகத்தில் ஆயுள் சிறைவாசிகளை முன்கூட்டி விடுவிக்க இரு வழிகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, அறிவுரைக் கழகம் கூடி நன்னடத்தை அலுவலர் அறிக்கை முதலியவற்றைப் பார்த்து ஒவ்வொருவராகப் பரிந்துரைப்பது. மற்றொன்று, தலைவர்களின் பிறந்தநாளை ஒட்டிப் பொதுவான அரசாணை பிறப்பித்துப் பலரை விடுவிப்பது. 2008 இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி, ஏழு ஆண்டுகள் முடித்த ஆயுள் சிறைவாசிகள் 1,405 பேர் விடுதலையாயினர். கோவை வழக்கின் ஆயுள் சிறைவாசிகள் அதில் இல்லை. 2021 இல் அண்ணா பிறந்தநாளை ஒட்டி 700 பேருக்கு விடுதலை அறிவிக்கப்பட்டபோது, மத மோதல் வழக்குகளில் தண்டிக்கப்பட்டோர் விலக்கப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர்.

நம் கருத்து வேறுபாடு இங்கேதான் உள்ளது. குற்றத்தின் வகையைப் பார்த்து ஒரு வரியில் விலக்குவது எளிது. ஆனால் அந்த ஒற்றை வரி, 25 வயதில் சிறை சென்று 50 வயதைத் தாண்டியவரையும், திருந்தியவரையும் திருந்தாதவரையும், தலைமை தாங்கியவரையும் ஏவியதைச் செய்தவரையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. 2000 இல் லட்சுமண் நஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய அளவுகோல்கள் வேறு: குற்றம் சமூகத்தைப் பெருமளவில் பாதித்ததா, மீண்டும் செய்யும் வாய்ப்பு உண்டா, குற்றம் புரியும் ஆற்றல் எஞ்சியிருக்கிறதா, மேலும் சிறையில் வைப்பதால் பயன் உண்டா, கைதியின் குடும்பத்தின் சமூக, பொருளாதார நிலை என்ன? ஐந்தாவது கேள்வியைப் பாருங்கள். குடும்பத்தின் நிலையைக் கேட்க வேண்டும் என்று நீதிமன்றமே சொல்கிறது. முதல் கேள்விக்குக் கோவை வழக்கில் பதில் பாதகமாகவே வரும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். மற்ற நான்கையும் கேட்கவே கூடாது என்பதற்கு அது காரணமாகாது.

இக்குடும்பங்களின் வாழ்க்கையை நெருங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாதந்தோறும் பேருந்தேறி மனுப் பார்க்கச் செல்லும் தாய்மார், தந்தை சிறையில் இருக்க நிக்காஹ் நடக்கும் பிள்ளைகள், பரோலில் காவலர் சூழ வந்து பெற்றோரின் மய்யித்துக்கு மண் தள்ளிவிட்டுத் திரும்புவோர். யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. விடுதலையாகிச் செல்லும் சிறைத் தோழரிடம், அரசனிடம் என்னைப் பற்றிச் சொல் என்று கேட்டுக்கொண்டார்கள். அவர் மறந்தார்; மேலும் சில ஆண்டுகள் சிறையில் கழிந்தன. வெளியில் இருந்து நினைவூட்ட ஆள் இல்லாத கைதியின் கதி அன்றும் அதுதான். ஆகவேதான் வீட்டுப் பெண்கள் மனு எழுதக் கற்றுக்கொண்டார்கள். ஜமாஅத்துகளும் சமுதாய இயக்கங்களும் ஆர்ப்பாட்டம் நடத்தின. 2021 டிசம்பரில் ஓய்வு பெற்ற நீதியரசர் ஆதிநாதன் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் 49 சிறைவாசிகளின் கோப்புகள் ஆளுநருக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் 20 முஸ்லிம்களுடையவை. அவ்வாண்டு அக்டோபரில் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சியும் ஆளுங்கட்சியும் இதைப் பற்றி வாதிட்டுக்கொண்டன. இருபது ஆண்டுகளுக்கு முன் இப்பொருளைப் பேசவே அஞ்சிய அவை அது.

எனினும் நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கடினமான கேள்வி ஒன்று உண்டு. 2022 ஆகஸ்ட் 15 அன்று பில்கிஸ் பானு வழக்கின் ஆயுள் சிறைவாசிகள் 11 பேரைக் குஜராத் அரசு விடுதலை செய்தது. 2002 இல் அவரைக் கூட்டாக வன்கொடுமை செய்து, அவருடைய மூன்று வயது மகள் உள்ளிட்ட குடும்பத்தாரைக் கொன்றவர்கள் அவர்கள். சிறை வாசலில் அவர்களுக்கு இனிப்பு ஊட்டப்பட்டது. 14 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்தவர்கள்தாமே, தண்டனைக் குறைப்பை ஆதரிக்கும் நீங்கள் ஏன் அழுதீர்கள் என்று எவரேனும் கேட்டால் என்ன சொல்வோம்?

நாம் சொல்லக்கூடியது இதுதான். அங்கே வாரிசைக் கேட்கவில்லை. பாதிக்கப்பட்ட பெண் செய்தியாகவே அதை அறிந்தார். தண்டனை விதித்தது மும்பை நீதிமன்றம், அதன் நீதிபதியின் கருத்து விடுதலைக்கு எதிராக இருந்தது, அது ஒதுக்கப்பட்டது. 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அவ்விடுதலையை ரத்துச் செய்தபோது, விசாரணை மகாராட்டிரத்தில் நடந்ததால் முடிவெடுக்கும் அதிகாரம் குஜராத்துக்கு இல்லை என்பதையே முதன்மைக் காரணமாகக் கூறியது. அந்தத் தீர்ப்பைப் பெற்றுத் தந்தவர்களுள் பில்கிஸும் ஒருவர். பாதிக்கப்பட்டவரின் மனு ஏற்கத்தக்கதே என்று நீதிமன்றம் சொன்னது. சோனியா காந்தியின் மன்னிப்பு எந்தக் கதவின் வழியே சட்டத்திற்குள் வந்ததோ, பில்கிஸின் மறுப்பும் அதே கதவின் வழியே வந்தது. கோவைக் குடும்பங்களுக்காக நாம் கேட்பதும், 58 வீடுகளின் குரலைக் கேட்காமலேயே கதவைத் திறந்துவிடுங்கள் என்பதாக இருக்கக் கூடாது. சிறைவாசியின் தாய் ஒரு வாசலில் நிற்கிறாள் என்றால், மகனை இழந்த தாய் மற்றொரு வாசலில் நிற்கிறாள். 1790 இல் வெளியேற்றப்பட்டவர்கள் இருவரும்தாம்.

நீதிமன்றக் கதவும் எப்போதும் திறந்துவிடுவதில்லை. தமிழகத்தில் முன்விடுதலை கோரிக் குடும்பத்தார் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்வது வழக்கமாயிற்று. நெடுநாள் சிறைவாசி ஒருவருக்காக ஒரு முஸ்லிம் பெண் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தண்டனை பெற்றுச் சட்டப்படி சிறையில் இருப்பவரை ஆட்கொணர்வு மனுவால் விடுவிக்க இயலாது. விடுதலை பற்றி முடிவெடுக்க வேண்டியது அரசே என்று 2020 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அந்தக் குடும்பத்திற்கு அது தோல்விதான். ஆனால் எந்த மனுவை எங்கே கொடுக்க வேண்டும் என்பது மற்றக் குடும்பங்களுக்குத் தெளிவாயிற்று.

2024 ஜூலை முதல் பழைய நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 432 இப்போது 473. பழைய 433ஏ இப்போது 475. மனு எழுதுவோர் எண்களை மாற்றிக்கொள்ள வேண்டும். 2025 பிப்ரவரி 18 அன்று நீதியரசர்கள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு அளித்த தீர்ப்பு அதைவிட முக்கியமானது. முன்விடுதலைக் கொள்கை வகுத்துள்ள மாநிலங்களில், தகுதி பெற்ற கைதி அல்லது அவர் உறவினர் விண்ணப்பிக்கட்டும் என்று அரசு காத்திருக்கக் கூடாது. தகுதி வந்தவுடன் தானாகவே பரிசீலிக்க வேண்டும். கொள்கை இல்லாத மாநிலங்கள் இரண்டு மாதங்களில் அதை வகுக்க வேண்டும். எழுத்தறியாத தாயும் வழக்கறிஞர் வைக்க வசதியற்ற மனைவியும் நெடுங்காலம் சுமந்த பொறுப்பு இத்தீர்ப்பால் அரசின் தோளுக்கு மாறியிருக்கிறது. பரிசீலித்து மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். அதைச் சிறை அலுவலகத்தின் வழியே கைதிக்கு உடனே தெரிவிக்க வேண்டும். நகல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் செல்ல வேண்டும். நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் அந்த ஆணைக்குழுவை அணுகும் சிறைவாசிகளின் குடும்பத்தாருக்கு இலவசமாக வழக்கறிஞர் உதவியும் கிடைக்கும். மறுப்பாணையின் நகலைக் கேட்டு வாங்கி, தேதியோடு பத்திரமாக வைத்துக்கொள்வது அடுத்த மனுவுக்கு உதவும்.